நற்றிணைக் கூகையும் குலக்குறிக் கொள்கையும்

சங்கச் செய்யுட்களில் வரும் மரம், புள், விலங்கு என்பவற்றைக் குலக்குறிகளாகக் கொண்டு, அவை வாயிலாகப் பழங்குடிகளை அடையாளங் காணும் முயற்சி நம்மிடையே புதிதன்று. வி. கனகசபைப் பிள்ளை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்’ என்னும் நூலில் வில்லவர், மீனவர், நாகர், எயினர் முதலியோரைத் தமிழகத்தின் தொல்குடிகளாக வகுத்துரைத்தார். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இலும், குலக்குறி பற்றிப் பிரேசர் எழுதிய நான்கு தொகுதிகள் 1910இலும் வெளிவந்த பின்னர், வேம்பும் ஆத்தியும் பனையும், புலியும் கயலும் வில்லும் எல்லாம் குலக்குறிகளே எனக் கூறுதல் எளிதாயிற்று. இவற்றுள் சில ஆராயத்தக்கன. பல, சொல்லின் ஓசை கண்ட அளவிலே பொருள் கொண்டன.

அத்தகையதொன்றே ஈண்டு ஆராயப்படும் ‘கூகைக்குடி’. கூகையைத் தம் முன்னோனாகவும் தெய்வமாகவும் கொண்டொழுகிய காட்டுக்குடி ஒன்று பண்டைத் தமிழகத்தில் இருந்தது என்பது இதன் சுருக்கம். இஃது அச்சேறிய கொள்கை அன்று. என்பால் ஆராய்ச்சி பயிலும் மாணவர் ஒருவர் எழுதிய இயலொன்றில் தோன்றியது. அவ்வியலை முதற்கண் படித்தபோது யான் அதனைப் புகழ்ந்தேன். ‘புதிது’ என ஓரத்தில் எழுதியும் கொடுத்தேன். பின்னர் மூலங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து நோக்கியபோதுதான், என் புகழ்ச்சியே அவரை ஓராண்டுக்காலம் பிழைவழியில் நடத்தியது என்பது விளங்கிற்று. ஆதலின் இக்கட்டுரையை மறுப்பு என்பதினும் திருத்தம் என்பதே பொருந்தும். திருத்தப்படுவது மாணவர் கருத்து மட்டும் அன்று.

அவ்வியலின் முதல் தூண் புலவர் பெயர்கள். பிசிராந்தையார், ஓதலாந்தையார், சிறைக்குடி ஆந்தையார் என மூவர் பெயர்களில் ஆந்தை உளது. புறநானூற்று 71ஆம் பாட்டில், ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் தன் நட்பினருள் ஒருவனாக எயில் என்னும் ஊர்க்குரிய ஆந்தையைக் கூறுகின்றான். இத்துணைப் பேர் ஒரு பறவையின் பெயரைத் தாங்கினர் எனின், அப்பறவையைக் குறியாகக் கொண்ட குடி ஒன்று இருந்திருத்தல் வேண்டும் அன்றோ? சிறைக்குடி என்பதில் ‘குடி’ என்ற சொல்லே நிற்கின்றதே! மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வாதம் வலியுடையதாகவே தோன்றும், எனக்கும் தோன்றியது.

ஆயின் இதற்கு விடை தொல்காப்பியத்திலேயே உளது. எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில், இயற்பெயரின் முன்னர்த் ‘தந்தை’ என்னும் முறைப்பெயர் வந்து புணருமாறு கூறப்படுகின்றது. சாத்தன் என்பதும் தந்தை என்பதும் சேர்ந்து சாத்தந்தை ஆகும். கொற்றன் என்பது கொற்றந்தை ஆகும். ஆதன், பூதன் என்னும் இரு பெயர்கட்கு மட்டும் சிறப்புவிதி ஒன்று தனியே வகுக்கப்படுகின்றது. அவ்விதியின்படி ஆதன் தந்தை ஆந்தை எனவும், பூதன் தந்தை பூந்தை எனவும் முடியும். எனவே ஆந்தை என்னும் ஆட்பெயர் ஆதனுக்குத் தந்தை என்னும் பொருளது. பறவைக்கும் அதற்கும் ஒலியொப்புமையன்றிப் பிறிது தொடர்பில்லை.

விதி மட்டும் அன்று, வழக்கும் சான்றாகும். கீரந்தையார், சாத்தந்தையார், எயினந்தையார் எனத் தொகைநூல்களில் வரும் பெயர்களை ஆந்தையார் என்பதனோடு ஒருங்கு வைத்து நோக்குக. ஒரே வாய்பாட்டில் பிறந்த பெயர்கள் இவை. ஆதன் என்பதோ மிகப் பரவிய இயற்பெயர். ஐங்குறுநூற்றின் முதற்பத்து அப்பெயரை வாழ்த்தியே தொடங்குகின்றது. கீழடியில் கிடைத்த தமிழிப் பொறிப்புடைய பானையோடுகளிலும் அப்பெயர் உண்டு. பூதப்பாண்டியன் பாட்டில் எயில் ஆந்தையோடு ஆதன் அழிசி என்பானும் உடன் எண்ணப்படுதல் கருதத்தக்கது. இலக்கணம் கற்பதை வெறும் தேர்வுக்குரிய சுமையாக எண்ணும் மாணவர் பலர் உளர். புள்ளிமயங்கியலின் ஒரு நூற்பா ஓர் இனக்குழுவையே இல்லையாக்கும் என்பதனை அவர்க்கு எடுத்துக்காட்ட இதனினும் நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி, கூகைக்கோழியார் என்னும் புலவர் ஒருவர் உளரே எனின், அவர் பெயர் வேறு வகையது. புறநானூற்று 364ஆம் பாட்டில் ‘கூகைக்கோழி’ என்னும் அரிய தொடர் வருதலின், அதனைப் பாடியவர் அத்தொடராலேயே வழங்கப்பட்டார். செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், ஓரேருழவர், தொடித்தலை விழுத்தண்டினார் என்போர் பெயர்களும் இவ்வாறு பாட்டின் சொல்லாற் பெற்ற பெயர்களே. குப்பைக்கோழியாரைக் கோழிக்குடியினர் என எவரும் கூறார். கூகைக்கோழியார்க்கு மட்டும் வேறு நீதி எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது தூண் இப்பாட்டின் பொருள். இதனைக் கூறுமுன் என் தவற்றையும் கூறிவிடுகின்றேன். கூகைக்கோழி முதுமரத்துப் பொந்திலிருந்து ஒலிக்கும் ‘பெருங்காடு’ பாட்டின் இறுதியில் வருகின்றது. மாணவர் அதனைக் குறிஞ்சிக் காடாகக் கொண்டு, காட்டுக்குடியின் வாழ்விடம் என எழுதியிருந்தார். அதனை அடுத்து யான் இட்ட குறி ‘சரி’ என்பது. பாட்டோ, அக்காட்டினைத் தாழிகளையுடைய காடு என்று அடைகொடுத்துக் கூறுகின்றது. அஃதாவது முதுமக்கள் தாழிகள் புதைக்கப்பெற்ற இடுகாடு. அங்குச் சென்றடையும் நாள் வருமுன், ஊனும் கள்ளும் உண்டு, பாணர்க்கும் விறலியர்க்கும் பொற்பூவும் மாலையும் வழங்கி இன்புறுவோம் வருக என்பதே பாட்டின் அழைப்பு. காடு என்னும் சொல்லுக்குத் தமிழில் வனம் என்பதும் பிணம் புதைக்கும் அல்லது சுடும் இடம் என்பதும் ஒருங்கே பொருளாதலை யாவரும் அறிவர். அறிந்தும் இருவரும் தவறினோம். கொள்கை முன்னே சென்று கண்ணை மறைத்தது.

புறப்பாட்டுக் கூகைகள் பெரிதும் இக்காட்டிற்கே உரியன. ஆய் அண்டிரன் மறைவைப் பாடிய குட்டுவன் கீரனார், கள்ளி படர்ந்த களத்தில் மரப்பொந்திலிருந்து கூகை எழுப்பும் குரலை, ‘சுடு, குவி’ என்று இறந்தாரை அழைக்கும் அழைப்பாகக் கேட்கின்றார் (240). 356ஆம் பாட்டிலோ, களர்பரந்த சுடுகாட்டில் ஈமத்தீயே விளக்காக, பகலிலும் கூகை கூவுகின்றது. திருமுருகாற்றுப்படையில் களத்தில் ஆடும் பேய்மகள் காதில் கூகையும் பாம்பும் குழையாகத் தொங்குகின்றன. கோழி விடியலை அறிவிக்கும். கூகைக்கோழி விடியாத இரவை அறிவிக்கும். இத்தொடரைப் படைத்தவர் எவராயினும், ஒரு புன்னகையும் ஒரு நடுக்கமும் ஒருங்கே உடையராய்ப் படைத்தார் என்றே எனக்குத் தோன்றும். குறுந்தொகை 393இலும் இத்தொடர் போர்க்களத்தை அடுத்தே வருகின்றது.

தாழிக்காடு என்பது நூலிற் கண்ட வெறுஞ்சொல் அன்று. தாம்பரத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவிலுள்ள பல்லாவரத்தில், 1863இல் இராபர்ட் புரூசு பூட் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார் என்பதனை யாவரும் அறிவர். அதே பல்லாவரத்துக் குன்றில், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டார் என்பது அத்துணை அறியப்படுவதில்லை. கால்கள் பல உடைய நீண்ட பேழைகள் அவை. புறநானூற்றைப் பல்லாவரத்தோடு நேராகப் பொருத்துதல் தகாது. எனினும், வீட்டுமனைகள் நெருங்கிய இத்தென்புறநகர்ப் பகுதியின் அடியில், கூகைக்கோழியார் கூறியதனோடு ஒத்த காடு ஒன்று கிடக்கின்றது என்பதனை நம் மாணவர்க்குக் காட்டுதல் தகும். 364ஆம் பாட்டைக் கற்பிக்கும்போது எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு அவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுதல், உரை பத்தினை எழுதிக்கொள்ளச் செய்தலினும் பயனுடைத்து.

கூகையும் இங்கு இல்லாமற் போகவில்லை. தாம்பரத்திற்குக் கிழக்கே, மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டில், கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழியின் பாறைப்பிளவுகளில் கொம்பன் ஆந்தை வாழ்தலைப் பறவை நோக்குநர் பலகாலம் பதிந்துள்ளனர். அதன் குரல் ஆழ்ந்தது, இரட்டித்து ஒலிப்பது. குன்றத்துக் குடிஞையின் குரலைத் துடியின் ஒலியோடு ஒப்பிடும் அகநானூற்று 19ஆம் பாட்டையும், கூகையின் வாயையே பறையாகக் கூறும் நற்றிணை 83ஐயும் அக்குரலைக் கேட்டபின் மீண்டும் படித்தால் உவமையின் செம்மை விளங்கும். ஆனால் பாறைப்பிளவில் வாழ்வது மரப்பொந்தில் வாழ்வதாகக் கூறப்பெறும் கூகையோடு முற்றும் ஒவ்வாது. பகலிலும் ஒலிப்பது புள்ளி ஆந்தையின் இயல்பு. எனவே கூகை என்னும் சொல் ஒரே இனத்தைச் சுட்டாது, இரவுப்புள் பலவற்றுக்குப் பொதுவாய் வழங்கியது எனக் கோடலே நேரிது. மரபியல் கூகையைக் கோட்டான் எனவும் வழங்கலாம் என இசைவளிக்கின்றது. குடிஞை என்பது பிறிதொரு பெயர். பெயர் பலவாகவும் பொருள் நெகிழ்ந்தும் நிற்கும் ஒன்று குடியொன்றின் உறுதியான குறியாதல் அரிது. ஆயினும் இதனை யான் முடிந்த சான்றாகக் கூறேன்.

இனி, கொள்கையின் உயிர்நிலையாகிய நற்றிணை 83. ஏனையவை வீழினும் இஃதொன்று நிற்குமாயின் மாணவர் கருத்துக்கு இடமுண்டு. பெருந்தேவனார் பாடிய இப்பாட்டு, இரவுக்குறிக்கண் தலைவன் மறைவில் நிற்ப, தோழி கூகையை விளித்துக் கூறுவதாக அமைந்தது. ஊரின் வாயிலில் உண்ணுநீர்த் துறையருகே தெய்வம் உறையும் முதுமரம் ஒன்று நிற்கின்றது. அதில் உடனுறைந்து பழகியது கூகை. அதன் வளைந்த வாயும் தெளிந்த கண்ணும் கூரிய உகிரும் விளியிலேயே எண்ணப்படுகின்றன. ஆட்டூன் கலந்த நெய்ச்சோற்றை எலிச்சூட்டோடு நிறையக் கொடுத்துப் பேணுவோம். எம் காதலர் வரவை விரும்பி உறங்காது உழலும் இப்பொழுதில், அச்சம் வரக் குழறாதே என்பது வேண்டுகோள்.

தெய்வமரம், அதில் உறையும் புள், ஊனும் நெய்யும் சோறுமாகிய படையல், பேணுதல் என்னும் வினை: குலக்குறி வழிபாட்டின் உறுப்புக்கள் யாவும் அமைந்துவிட்டன போலத் தோன்றும். மாணவர் இதனை மிக நுட்பமாகவே எழுதியிருந்தார். ஆனால் குலக்குறி என்பதற்கு வழிபாடு மட்டும் போதாது. குறியாகிய உயிர் தம் முன்னோர் என்னும் உறவுணர்வு, அதனைக் கொல்லாமை அல்லது உண்ணாமை, அக்குறியாற் பெறும் பெயர், ஒரே குறியுடையார் தம்முள் மணவாமை என்பன போன்றவற்றுள் சிலவேனும் வேண்டும். நற்றிணைப் பாட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. உறவு வேண்டுவோர் அதே நூலின் 172ஆம் பாட்டிற்குச் செல்க. விளையாட்டில் மணலில் அழுத்தி மறந்த புன்னைவிதை முளைத்தெழ, நெய்யும் பாலும் பெய்து வளர்த்த மரத்தை, நின் உடன்பிறந்தாள் எனத் தாய் கூறுகின்றாள். அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகையாட மகள் நாணுகின்றாள். மரத்தோடு உறவுகொண்டாடும் இத்துணைத் தெளிவான இடம் இருந்தும், அதனைக் கொண்டு புன்னைக்குடி ஒன்றை எவரும் நிறுவவில்லை. அங்கு உள்ளது ஒரு வீட்டின் அன்பு என்பதனை யாவரும் உணர்கின்றோம். கூகை அஞ்சத்தக்கதாதலின், அதனிடத்து மட்டும் மறைபொருள் தேடத் தலைப்படுகின்றோம் போலும்.

படையலையும் சற்று நெருங்கி நோக்குவோம். கூகையின் இயற்கை உணவு எலி என்பதனைப் பரணரே அகநானூற்று 122இல் கூறுகின்றார். அப்பாட்டில் இல்லத்து எலியை உண்ணும் கூகை, பேய் உலவும் நள்ளிரவில் குழறி இரவுக்குறிக்கு இடையூறாகின்றது. நற்றிணைத் தோழி, நாள்தோறும் அதற்குக் கிடைக்கும் எலியையே சுட்டு, நெய்ச்சோற்றின் மேல் வைத்துத் தருவதாகக் கூறுகின்றாள். தெய்வத்திற்கு அதன் தகுதி நோக்கிப் படைப்பர். இங்கோ உண்பாரின் நாவறிந்து விருந்தமைக்கின்றாள். வாயில்காவலனுக்குக் கையூட்டு அளிப்பாளைப் போல அவள் பேசுகின்றாள். மறைவில் நிற்கும் தலைவன் கேட்டு நகவும் வேண்டும், தலைவி படும் துன்பமறிந்து வரைவு முடுகவும் வேண்டும். கூகைக்கு மொழி புரியுமோ என்பது அவளுக்குக் கவலையன்று; கேட்பவன் வேறு.

எனினும் நகைச்சுவை எனக் கூறி அமைதலும் குறையே. நகை பொருந்தவேண்டின் அடியில் ஒரு நடைமுறை இருத்தல் வேண்டும். ஊர்வாயில் மரத்தடியில் பலியிடுதலும், அப்பலியை அம்மரத்துப் புள் உண்ணுதலும் கேட்போர் கண்ட காட்சிகளாக இருந்திருத்தல் வேண்டும். இல்லையேல் தோழியின் பேச்சு பொருளற்றதாகும். ஆக, இப்பாட்டு கூகைக்குடிக்குச் சான்று தரவில்லை. மரத்தெய்வத்திற்கு இடும் பலிக்குச் சான்று தருகின்றது. பின்னது எல்லா ஊர்க்கும் பொது. இவ்வூரே உண்துறையும் வாயிலும் அமைந்த நிலையூராக இருத்தலையும் காண்க. காட்டில் அலையும் குழுவொன்றின் இருப்பிடம் அன்று.

இப்பாட்டினைத் தனியே வைத்து நோக்கியதே மாணவர்க்கும் எனக்கும் நேர்ந்த பெரும்பிழை எனலாம். குறுந்தொகை 210ஐ இதனருகே வைத்துப் பார்க்க. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு, நள்ளியின் கானத்து ஆயர்தம் பசுக்கள் தந்த நெய்யோடு தொண்டியின் வெண்ணெற் சோற்றை ஏழு கலத்தில் ஏந்தினும் சிறிதே எனத் தோழி கூறுகின்றாள். அப்பாட்டாலேயே நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆயினார். ஐங்குறுநூற்று 391இல், உடன்போக்கில் சென்ற மகள் மீளும்படி கரைந்தால் நிணச்சோற்றைப் பொற்கலத்தில் தருவேன் எனத் தாய் காக்கையிடம் கூறுகின்றாள். அதனைப் பாடியவர் ஓதலாந்தையார் என்பது இக்கட்டுரைக்குத் தற்செயலாகக் கிடைத்த நகை: ‘ஆந்தை’ பாடியது காக்கையை.

இரு பாட்டிலும் காக்கைக்கும், நற்றிணையில் கூகைக்கும், நெய்யும் ஊனும் சோறுமே கூலி. ஒன்றற்குக் கரைதற்காகக் கூலி. மற்றொன்றற்குக் குழறாமைக்காகக் கூலி. பகலில் வரும் விருந்தை முன்னது அழைக்கின்றது. இரவில் வரும் காதலனைப் பின்னது தடுக்கின்றது. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்னும் குறள் (481), காலமறிதலுக்கு இவ்விரண்டையே எடுத்தது. பாரதத்துச் சௌப்திக பருவத்தில், ஆலமரத்தில் உறங்கும் காக்கைகளைக் கூகை கொல்லக் கண்டு அசுவத்தாமன் இரவுப்போரைத் துணிகின்றான். பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி முழுதும் இவ்விரு புட்களின் பகையே. இலெவி ஸ்ட்ராசு 1962இல் குலக்குறிக் கொள்கையையே ஐயுற்று எழுதிய நூலில், இவ்வுயிர்கள் மாந்தர்க்கு உணவாகும் பயனால் அன்றி, எண்ணுதற்குக் கருவியாகும் பயனால் தெரிந்தெடுக்கப்படுகின்றன என்றும், ஒன்றன் பொருள் மற்றொன்றோடு உள்ள வேறுபாட்டிற் பிறக்கின்றது என்றும் காட்டினார். மேலை அறிஞர் கருத்தை நம் பாட்டின்மேல் ஏற்றுதலில் எனக்கு விருப்பம் குறைவு. ஆனால் இவ்விடத்துப் பாடல்களே அக்கருத்திற்கு முன்னதாக அதனைச் செய்து வைத்துள்ளன. கூகைக்குத் தனியாகப் பொருளில்லை. காக்கையோடும் கோழியோடும் வைத்தே அதற்குப் பொருள் அமைகின்றது. அகப்பொருள் இலக்கணத்திலும் கூகைக்குத் தனியிடம் அமையவில்லை. நாற்கவிராச நம்பி பாலைக்குப் புறாவும் பருந்தும் எருவையும் கழுகும் கூறினார். குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும் கூறினார். கூகை எந்நிலப் பட்டியலிலும் இல்லை. ஆனால் கபிலரின் தலைவி குன்றத்துக் கூகைக்கு அஞ்சுகின்றாள் (குறுந்தொகை 153). நிலத்திற்கு உரியதாகாமல் பொழுதிற்கு உரியதாய் நிற்கும் புள் இது.

பிறநாட்டு ஒப்புமைகளை மாணவர் பல பக்கங்களில் தந்திருந்தார். ஏதென்சு நகரத்தார் கூகையைத் தம் தெய்வத்தின் புள்ளாக நாணயத்திற் பொறித்தனர்; வங்கத்தில் அது திருமகளின் ஊர்தி; வைசேடிக நெறிக்கு ஔலூக்கியம் என்பது ஒரு பெயர்; பாரதத்தில் உலூகம் என ஒரு நாடும், சகுனியின் மகனாகிய உலூகன் என ஒரு தூதனும் உளர். இவை உண்மையே. ஆனால் இவற்றுள் எதுவும் தமிழகத்துக் குடியொன்றை நிறுவாது.

கவலைக்குரியது கடைசிப் பகுதி. இருளர் என்னும் பெயர் இருளடியாகப் பிறந்தது என்பர். இருளில் இயங்குவது கூகை. இருளர் எலி பிடிப்பர், கூகையும் எலி பிடிக்கும். ஆதலின் செங்கற்பட்டுப் பகுதி இருளரே கூகைக்குடியின் எச்சம் என அவ்வியல் முடிந்தது. இவ்வாறு எழுதுதல் ஏட்டுப்பிழையளவில் நில்லாது. ஆந்தையார் மறுத்துரைக்க வாரார். இருளரோ நம் அண்டையில் வாழ்வோர். அவர்தம் வழிபாட்டின் நடுவில் நிற்பவள் கன்னியம்மன். மாசிமகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் அவர்கள் பெருந்திரளாகக் கூடி அவளை வழிபடுதலை எவரும் சென்று காணலாம். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வாணிகம் நின்றபின், 1978இல் அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்புநஞ்சு எடுத்து மருந்துக்கு வழங்கிவருகின்றது. அம்மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவர்க்கும் 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. இவ்வளவு தெளிவாகத் தம் தெய்வத்தையும் தொழிலையும் உடைய மக்களை, அவர்களை ஒரு சொல்லும் கேளாமல், இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பறவை ஒன்றன் கீழ் அடக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்? எலி பிடித்தலை மட்டும் கண்டு அவர்களை அடையாளங் காணுதல், ஊரார் இகழ்ச்சியை ஆராய்ச்சி மொழியில் திருப்பிக் கூறுதலே ஆகும். இப்பகுதியை நீக்குமாறு கூறியபோது மாணவர் சிறிது வருந்தினார். நீக்கியபின் அவரே நன்றி கூறினார்.

கூகையைத் தெய்வமாகக் கொண்ட மாந்தர் தமிழில் உளரா எனின், உளர். ஆனால் சங்க நூலில் அல்லர். சோ. தர்மன் 2005இல் வெளியிட்ட ‘கூகை’ என்னும் நாவலில் உளர். கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசல்நிலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் படும் துன்பத்தைக் கூறும் அந்நாவலில், சீனி என்னும் பாத்திரம் கூகைச்சாமியை வணங்குகின்றது. ஊரெல்லாம் தீநிமித்தமாக வெறுக்கும் புள்ளையே வணக்கத்திற்கு உரியதாக்கும் துணிவு அது. பகலில் வெளிப்பட்டால் சிறுபுட்களும் சூழ்ந்து கொத்தும். வலிய உகிரும் வாயும் இருந்தும் எதிர்க்காது ஒதுங்கும். இக்காட்சியை வள்ளுவர் காக்கையின் பக்கம் நின்று கண்டார். வேந்தனுக்குக் காலம் பார்க்கக் கற்பித்தார். தர்மன் கொத்துப்படும் கூகையின் பக்கம் நின்று காண்கின்றார். உவமை ஒன்றே, நிற்கும் இடம் மாறியதும் அதன் அறம் முழுதும் மாறிவிடுகின்றது. தமிழ்த் திறனாய்வாளர் இம்மாற்றத்தைப் போதிய அளவு எடுத்துரைத்தனர் என யான் கருதவில்லை.

இந்நாவலின் கூகைச்சாமி குலக்குறி அன்று. வழிவழி வந்த முன்னோனும் அன்று. வாழ்வில் தம்மைப் போன்றே பகலில் நடமாட இயலாத ஓர் உயிரைக் கண்டு, ஒருவர் தாமே தெரிந்துகொண்ட தெய்வம் அது. நற்றிணைத் தோழி கூகைக்கு உணவு தந்து வாயடக்க முயன்றாள். நாவலிலோ அக்குரல் அடக்கப்படுவதன்று, கேட்கப்படுவது. இரண்டிலும் கூகைக்குப் படைப்பவர் அச்சத்திற்கிடையே இரவில் விழித்திருப்பவரே. மாணவர் தேடிய கூகைக்குடி, கற்பனை என்னும் அளவில், இங்கேதான் இருந்தது. அவர் அதனைப் பன்னூறு ஆண்டு முன்னோக்கித் தேடிச் சென்றார்.

இப்பொழுது அவ்வியல் திருத்தி எழுதப்பட்டுள்ளது. பெயராராய்ச்சி ஒரு பக்கமாகச் சுருங்கி, தானே கண்ட பிழையாக அங்கு நிற்கின்றது. நற்றிணைப் பாட்டும் குறுந்தொகைப் பாட்டும் இயலின் தொடக்கமாயின; நாவல் அதன் பிற்பகுதி ஆயிற்று. ஒரு சொல்லில் மட்டும் எங்கட்குள் இன்னும் உடன்பாடில்லை. முதுமரத்துக் கூகை ‘உடனுறைந்து’ பழகியது எவரோடு? மரத்துத் தெய்வத்தோடு என்பர் அவர். அதனால் கூகைக்கு அச்சந்தரும் தூய்மை சிறிது உண்டு என்பது அவர் கருத்து. ஊராரோடு என்பேன் யான். பழகிய புள்ளாதலின் தோழி அதனோடு உரிமையாகப் பேசுகின்றாள் எனக் கொள்வேன். தொடரின் அமைப்பு இரண்டிற்கும் இடந்தருகின்றது. அவர் தம் கருத்தையே இயலில் எழுதியிருக்கின்றார். இம்முறை ஓரத்தில் யான் ஒன்றும் எழுதவில்லை.